மஞ்சளில் குரைக்கலாமா

குடியிருப்பு என்றால் மஞ்சள்.
கடைத்தெரு நீலம், ஆலை ஊதா,
பள்ளிக்கும் கச்சேரிக்கும் சிவப்பு,
மிச்சமிருக்கிற மாந்தோப்பு பச்சை.
கிருஷ்ணகிரிக்குப்
பத்தொன்பது வருஷமாய் நான்தான் நிறமடிக்கிறேன்.
பச்சையை எடுத்து மஞ்சளாக்கும் வேலையே அதிகம்.

டாக்டர் தில்ஷாத்தின் விண்ணப்பம்
சித்திரை முதல் வாரம் வந்தது.
கட்டிகானப்பள்ளிப் பக்கம், இருபதடிச் சாலை,
தரைத்தளம் மட்டும், முன்னால் ஒரு வேம்பு.
உத்தேச உபயோகம்: பிராணிகள் மருத்துவமனை.
வேம்பையும் வரைபடத்தில் காட்டியிருந்தார்.
யாரும் மரத்தைக் காட்ட மாட்டார்கள்.

விதிப்புத்தகத்தை விரித்தேன்.
மஞ்சளில் பல் டாக்டர் உண்டு.
தையல் உண்டு, டியூஷன் உண்டு,
சின்னதாக ஒரு மாவு மில்கூட உண்டு.
'கால்நடை' என்ற சொல்லைத் தேடிப்போனால்
இரண்டே இடத்தில் நின்றது:
தொழுவத்தில் ஒருமுறை,
அறுப்புக்கூடத்தில் ஒருமுறை.
வைத்தியத்துக்கு அது
எந்தப் பக்கத்திலும் வந்திருக்கவில்லை.

கண்காணிப்பாளர் திம்மராயன் கேட்டார்:
உள்நோயாளி உண்டா?
ராத்தங்குமா?
தங்கினால் குரைக்குமா?
'கேட்டு எழுதுங்க.'
எழுதினேன். பதிவுத்தபாலில் பதில் வந்தது:
'வலி அதிகமிருந்தால் பெரும்பாலும் குரைப்பதில்லை.
குணமான பிறகுதான் குரைக்கும்.'
கோப்பில் அது பக்கம் பதினேழு.
ஒருமுறைக்கு மேல் படித்தேன் என்பதைக்
குறிப்பில் எழுதவில்லை.

தெருக்காரர்கள் ஆட்சேபம் கொடுத்தார்கள்.
பதினொரு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
நாற்றம், ஈ, வெறிநாய், சொத்துமதிப்பு.
கடைசியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

அளக்கப் போனோம்.
டேப்பின் மறுமுனை என் கையில்.
பக்கவாட்டு இடைவெளி ஓரடி குறைவு.
ஓரடி என்பது
ஒரு குட்டி ஆடு ஒடுங்கிப் படுக்கிற அகலம்.
இது டாக்டர் சொன்னதல்ல, நானாக நினைத்தது.
அவர் சொன்னது வேறு:
'சுவர உள்ள தள்ளிக்கலாம் சார்,
சொல்ல எங்க தள்றது?'
திம்மராயன் வேம்பைப் பார்த்தபடி
'நீலத்துல எடம் பாருங்கம்மா' என்றார்.
நீலத்தில் வாடகை நாற்பத்தைந்தாயிரம்.
ஒரு ஆடே எட்டாயிரம்தான்.

குந்தாரப்பள்ளி சந்தைக்கு
வெள்ளிக்கிழமை விடியலில் போகிற மந்தை
மஞ்சளைக் கடந்து
நீலத்தில் புழுக்கை போட்டு
பச்சைக்குள் நுழையும்.
உபயோகச் சான்று யாரும் கேட்டதில்லை.
நோய் வந்தபிறகுதான் நிறம் தேவைப்படுகிறது.

மாங்காய் லாரிகள் ஊரை அடைத்த ஆனியில்
ராயக்கோட்டை சாலை ஓரம்
ஒரு குட்டியானை நின்றது.
வண்டிதான். பெயரில் மட்டும் மிருகம்.
மேலே தார்ப்பாய், உள்ளே ஒரு மேசை,
சலைன் மாட்ட கூடைக்கொக்கி.
வரிசையில் நாலு வெள்ளாடு, ஒரு பொமரேனியன்,
சட்டைக்குள் கோழியோடு பள்ளிப் பையன்,
மடி வீங்கிய ஜெர்சி.
கைநாட்டு வைத்தவரும் இருந்திருக்கலாம்.
விரலை வைத்து ஆளை அறிய எனக்குத் தெரியாது.

திம்மராயன் ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.
'இது எந்த மண்டலம்?'
சாலைக்கு நாம நிறமடிக்கிறதில்ல சார்,
தாளை வெள்ளையா விட்டுடுவோம்.
'கட்டடம்?'
சக்கரம் இருக்கு சார்.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
ஜெர்சி ஜன்னல்வரை வந்து
அவர் கையிலிருந்த கோப்பை முகர்ந்து பார்த்தது.
'வண்டிய எடுய்யா.'

கோப்பு இன்னும் முடியவில்லை.
பக்கம் இருபத்தாறில் என் குறிப்பு:
'கால்நடை என்பதற்குப் பொருள் விளக்கம் தேவை.
காலால் நடந்து வருபவை எனக் கொண்டால்
மஞ்சளில்
எவருக்கும் அனுமதி இல்லை.'

ஓரத்தில் பச்சை மையில்
திம்மராயன் எழுதியிருக்கிறார்:
பேசுக.